கூஜா செய்த குற்றம்

கடந்த தீபாவளி விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது தம்பி மகள் என் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆறு வயது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு காணொளிதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிஸ்னியின் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் நடக்கும் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' இசை நாடகத்தை யாரோ பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தபடியே படம்பிடித்து ஏற்றியிருந்தார்கள். மொத்தம் 25 நிமிடம். முன் இருக்கைக்காரரின் தொப்பி பாதி நேரம் மறைக்கிறது. நடுவில் ஒரு குழந்தை அழுகிறது. அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. நாலாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமரன் மலையில் மாலை ஆறு மணிக்கு மேல் குளிர் இறங்கிவிடும். அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மேடையில் கரண்டியும் தட்டும் கூஜாவும் எழுந்து ஆடுவதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

"இந்தக் கூஜா ஏன் பேசுது?"

"அதெல்லாம் முன்ன ஆளுங்க பாட்டி. அரமனையில வேல செஞ்சவங்க. சாபத்துல இப்படி ஆயிட்டாங்க."

"யாரு சாபம் போட்டா?"

"ஒரு தேவதை. கெழவி மாதிரி வேஷம் போட்டு வந்துச்சு. ராஜாப் பையன் உள்ள விடல. அதான் கோபம்."

அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "அவன் உள்ள விடல, சரி. கூஜா என்ன பண்ணுச்சு?"

குழந்தையிடம் பதில் இல்லை. என் பக்கம் திரும்பினாள். "அத்த, கூஜா என்ன பண்ணுச்சு?"

இந்தப் படத்தை நான் பள்ளி நாளிலேயே பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். அழகு, பெண், மிருகம், ஆணாதிக்கம் என்று என்னென்னவோ எழுதியிருந்தேன். கூஜாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவரின் மகள் எழுதிய கட்டுரை அது.

*

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1991 நவம்பர் 22ஆம் தேதி அந்தத் திரைப்படம் அமெரிக்கா முழுவதும் வெளியானது. அதே நாளில் பூங்காவில் மேடை நாடகமும் தொடங்கியது. பிராட்வேக்கு அது போனது 1994இல். அதாவது உலகத்தின் பெரிய நாடகத் தெருவுக்குப் போகும் முன்பே, ஐஸ்கிரீம் ஒழுகும் கையோடு குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் அரங்குக்கு அது போய்விட்டது. பாட்டுகளை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் இவை எதையும் பார்க்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் மாதமே எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார். அந்த நோயைச் சாபம் என்றும் பாவத்தின் சம்பளம் என்றும் பலர் வெளிப்படையாகவே பேசிய காலம் அது. அதனால் அந்தக் கதையில் வரும் சாபத்தை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து வாசிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த வாசிப்பு பிடிக்கும். யார் மீதோ எறிந்த சாபம் எத்தனை பேர்மீது விழுகிறது என்பதை அவர் அறிந்திருப்பார்.

சாபத்தின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். இளவரசனுக்கு 21 வயது நிறைவதற்குள் அவன் அன்பு செலுத்தவும் அன்பைப் பெறவும் வேண்டும் என்பது கெடு. தட்டுகளும் கரண்டிகளும் பாடும் பாட்டில் பத்து வருடமாக இப்படிக் கிடக்கிறோம் என்று வருகிறது. கழித்துப் பார்த்தால் சாபம் விழுந்தபோது பையனுக்கு 11 வயது. மழை இரவில், முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் விட மறுத்திருக்கிறான். நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தானே? பிராட்வே வடிவத்தில் அந்த 21 வயதுக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். யாரோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் பையனுக்காவது ஒரு காரணம் சொல்லப்படுகிறது. சமையல்காரருக்கு? மெழுகுவர்த்தியாகிப் போனவருக்கு? கோப்பையாகிப்போன அந்தச் சின்னப் பையனுக்கு? கதவைத் திறக்கும் அதிகாரமோ மூடும் அதிகாரமோ அவர்களிடம் இல்லை. முதலாளி அவமதித்தான், கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் தண்டனை.

இங்கே எனக்குக் கண்ணகி நினைவுக்கு வந்தாள். அவள் கோபம் இந்தத் தேவதையின் கோபத்தைவிடப் பலமடங்கு நியாயமானது. கணவனை அநியாயமாகக் கொன்றிருக்கிறார்கள். ஆனாலும் மதுரையை எரிக்கும் நேரத்தில் தீக்கடவுள் யாரை விடவேண்டும் என்று கேட்கிறான், அவள் ஒரு பட்டியல் சொல்கிறாள். பார்ப்பனர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள். இவர்களை விட்டுவிட்டுத் தீயவர்களிடம் மட்டும் போ என்கிறாள். அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், ஏன் அந்த வரிசை என்று நாம் நிறையச் சண்டை போடலாம், போடவும் வேண்டும். அரண்மனையில் பாத்திரம் துலக்கியவளுக்கு அதில் தனியாக இடம் இல்லை. கடைசிச் சொல்லை நம்பித்தான், தீயவர்களிடம் மட்டும் என்ற அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் பிழைத்திருக்க வேண்டும். இருந்தும், கோபத்தின் உச்சியில் நிற்கும் ஒருத்தி ஒரு கணம் நின்று 'யாரை விடுவது' என்று யோசிக்கிறாள். தேவதைக்கு அந்த ஒரு கணம்கூட இல்லை.

*

பழைய வடிவங்களில் பேசும் கூஜா கிடையாது. வில்நெவ் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1740இல் எழுதிய நீண்ட கதையில் மிருகத்தின் மாளிகையில் அழகிக்குக் குரங்குகள் பணிவிடை செய்கின்றன. 1756இல் போமோன் அம்மையார் அதைச் சுருக்கிக் குழந்தைகளுக்கான கதையாக்கினார். அவர் இங்கிலாந்தில் பணக்கார வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். இன்னொருவர் வீட்டில் சம்பளத்துக்கு இருப்பது என்றால் என்ன என்று அறிந்தவர். அவருடைய கதையில் மாளிகையில் ஆளே இல்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், வைத்தவர் யாரென்று தெரியாது. கடைசியில் பொறாமைபிடித்த அக்காமார் இருவரும் கல்லாகித் தங்கையின் அரண்மனை வாசலில் நிற்கிறார்கள், உள்ளே நினைவு மட்டும் உயிரோடு. நம் அகலிகை ஞாபகம் வரும். ஆனால் அங்கே கல்லாகிறவர்கள் தாங்கள் செய்ததற்காகக் கல்லாகிறார்கள்.

1946இல் ழான் காக்தோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு விளக்கைப் பிடித்திருக்கும். கை மட்டும். முகம் கிடையாது. அந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது பயந்தேன். இப்போது யோசித்தால் இருப்பதிலேயே நேர்மையான வடிவம் அதுதான் என்று தோன்றுகிறது. வேலைக்காரரிடமிருந்து மாளிகைக்குத் தேவைப்படுவது கை மட்டும்தான். அதை ஒளிக்காமல் காட்டியிருக்கிறார்.

1991 படத்துக்கு வேறு தேவை இருந்தது. இசை நாடகம் என்றால் கூட்டமாகப் பாட ஆள் வேண்டும். சிரிக்கவைக்க ஆள் வேண்டும். பொம்மை விற்கவும் ஏதாவது வேண்டும் என்று நான் சேர்த்துக்கொள்வேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு. அதனால் பாத்திரங்களுக்கு வாய் முளைத்தது. அவர்களை ஏன் சபித்தாள் என்ற கேள்வி பிறகு தானாக வந்து நின்றுவிட்டது.

அந்தக் கேள்வி தயாரித்தவர்களையும் உறுத்தியிருக்கிறது போல. 2017இல் அதே கதையை நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தார்கள். (நம் நாட்டில் ஒரு சில வினாடிக் காட்சிக்காக அந்தப் படம் தடுமாறி, தாமதமாகி, கடைசியில் வெட்டாமலே வந்தது நினைவிருக்கும். அப்போது ஊரே தன்பால் ஈர்ப்பைப் பற்றி விவாதித்தது, கூஜாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.) அதில் நாயகி நேரடியாகவே கேட்கிறாள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. கூஜா பதில் சொல்கிறது. தாயை இழந்த அந்தப் பையனைக் கொடுமைக்காரத் தகப்பன் தன்னைப்போலவே வளைத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்கிறது.

ஒன்றும் செய்யவில்லை. அதுதான் குற்றம்.

நான் இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒன்னும் செய்யலன்னா? என்ன செய்யணுமாம்? தொரைகிட்டப் போயி புள்ளய இப்படி வளக்காதீங்கன்னு சொல்லணுமா? மறுநாளு லயத்துல சாமான் வெளிய கெடக்கும்."

*

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறுவருடம், 1946இல், கார்ல் யாஸ்பர்ஸ் என்ற ஜெர்மானியச் சிந்தனையாளர் குற்றத்தைப் பற்றி ஒரு சிறிய நூல் வெளியிட்டார். ஜெர்மானியர்கள் எல்லோரும் குற்றவாளிகளா என்பதுதான் அப்போதைய கேள்வி. அவர் குற்றம் என்ற ஒரே சொல்லை நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறியவனின் குற்றம். ஓர் அரசின் கீழ் வாழ்வதால் அந்த அரசின் செயலுக்கு ஏற்கவேண்டிய பொறுப்பு. தன் மனச்சாட்சியின் முன் ஒவ்வொருவரும் தனியாக நிற்கவேண்டிய குற்றம். கடைசியாக, இன்னொரு மனிதன் அழிக்கப்படும்போது தான் உயிரோடு இருந்துவிட்டதனாலேயே உள்ளே தங்கிவிடும் ஒரு குற்றம். இதில் முதலாவதை நீதிமன்றம் தண்டிக்கலாம். மூன்றாவதை வெளியிலிருந்து யாரும் தண்டிக்க முடியாது. அது அவரவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது.

தேவதை செய்த தப்பு இங்கேதான் என்று நினைக்கிறேன். மனச்சாட்சியின் முன் நிற்கவேண்டிய ஒன்றை எடுத்து, சட்டக் குற்றத்துக்கான தண்டனையைக் கொடுத்துவிட்டாள். கூஜா தானாகவே, ஓர் இரவு தூக்கம் வராமல், 'அந்தப் பையனுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே' என்று நினைத்தால் அது அவளுடைய மனிதத்தன்மை. அதையே வெளியாள் ஒருத்தி வந்து, 'நீ பேசவில்லை, அதனால் பாத்திரமாகு' என்றால் அது கொடுமை. யார் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்படி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா படம் மாட்டியிருக்கிறது.

தாத்தா, அம்மாவின் அப்பா, தோட்டத்தில் தண்டல். பெயரை இங்கே எழுத விருப்பமில்லை, தோட்டத்தின் பெயரும் வேண்டாம். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பிடிப்பது அவர், கணக்கு எழுதுவது கிராணி. கூடைக்கு இவ்வளவு கழிவு, மழை நாளென்றால் ஈரத்துக்கு இவ்வளவு கழிவு. கழிவு எவ்வளவு என்பதை மேலே இருந்து சொல்வார்கள். அது அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை வரும். ஒரு கூடையில் அரைக் கிலோ போவது என்றால் எத்தனை முறை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியது போயிற்று என்று அர்த்தம். அம்மா பதினாலு வயதில் பெரட்டுக்குப் போகத் தொடங்கியபோது அவருடைய கூடைக்கும் அதே கழிவைத்தான் தாத்தா கழித்தார். மகள் என்று ஒரு பிடி கூடப் போடவில்லை. இதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் பெருமையும் இருக்கும், வேறொன்றும் இருக்கும். "யாருக்கும் கூட்டவும் மாட்டாரு, கொறைக்கவும் மாட்டாரு. நின்னு நின்னு தராசு மாதிரியே ஆயிட்டாரு மனுசன்" என்பார்.

தாத்தா கூஜாதான். எனக்கு அதில் சந்தேகமில்லை. நம் ஊரில் முதலாளிக்கு வால்பிடிப்பவனைக் 'கூஜா தூக்குகிறான்' என்பார்கள். தாத்தாவைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். அவர் தூக்கவில்லை, தானே கூஜாவாகிவிட்டிருந்தார், சூடான தண்ணீர் வேறு யாருக்கோ ஊற்றப்பட்டது. ஆனால் தராசுக்கு இந்தப் பக்கம் கூடையோடு நின்ற பெண்களுக்கு மிருகமாகத் தெரிந்தது அவர்தான். பங்களாவில் இருந்தவர் இல்லை. அவரை அவர்கள் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

தாத்தா குற்றவாளியா? 'பேசியிருந்தால் வீடு போயிருக்கும்' என்ற அம்மாவின் பதில் உண்மை. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரை போகும், கூரை போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். அப்படிப்பட்ட ஒருவரிடம் அறத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி, கோலாலம்பூரில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு? ஆனால் அவரைவிட இழக்க அதிகம் இருந்தவர்கள், அவரைவிடக் குறைவான பாதுகாப்பில் இருந்தவர்கள், தோட்டங்களில் பேசியும் இருக்கிறார்கள். மலாயாத் தோட்ட வரலாற்றில் வேலைநிறுத்தங்கள் தானாக நடக்கவில்லை. யாரோ ஒருவர் முதலில் கூடையைக் கீழே வைத்திருக்கிறார், யாரோ ஒருவர் முதலில் பால்வாளியைக் கவிழ்த்திருக்கிறார். பேசவே முடியாது என்று சொன்னால் அவர்களை இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். பேசியே ஆகவேண்டும் என்று சொன்னால் தாத்தாவைப் பாத்திரமாக்கிவிடுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. தாத்தா ஓர் இரவாவது தூக்கம் வராமல் கிடந்தாரா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. அம்மாவிடம் கேட்டேன். "அவரு நல்லாத் தூங்குவாரு. விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிக்கணும்ல" என்றார்.

*

அம்மாவுக்கு அந்த நாடகத்தில் மிகவும் பிடித்தது எனக்குப் பிடிக்காத பகுதி. பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து விருந்தாளியை வரவேற்று ஆடிப் பாடும் இடம். சேவை செய்ய ஆள் கிடைத்துவிட்டதே என்று கரண்டிகள் குதிக்கின்றன. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பத்து வருடம் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள் மறுபடி வேலை கிடைத்தது என்று ஆடுகிறார்கள் பார் என்று முன்பு எழுதிய அந்தக் கட்டுரைக்காரி எனக்குள் முணுமுணுப்பாள்.

அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலின் முதல் பகுதியில் அடிமையை உயிருள்ள கருவி என்கிறார். அதோடு நிறுத்தாமல் ஒரு கற்பனையும் செய்கிறார். தறியின் ஓடம் தானே நெய்யுமானால், யாழ் தானே இசைக்குமானால், முதலாளிகளுக்கு அடிமைகளே வேண்டியிருக்காது என்று. இந்த நாடகம் அந்தக் கற்பனையைத் தலைகீழாக மேடையேற்றியிருக்கிறது. கருவி தானே இயங்குகிறது, ஏனென்றால் அதற்குள் இன்னும் ஆள் இருக்கிறார். பிராட்வே வடிவத்தில் அவர்கள் ஒரே நாளில் பொருளாவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஆகிறார்கள். ஒருவருக்குக் கை இறுகுகிறது, ஒருவர் முதுகில் சாவி முளைக்கிறது. அந்த மாற்றம் எனக்கு மந்திரமாகவே தெரியவில்லை. அம்மாவின் விரல் நுனி வெடிப்புகளில் தேயிலைக் கறை வேலையைவிட்டுப் பல வருடம் கழித்தும் போகவில்லை. முன்நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த இடம் தொட்டுப்பார்த்தால் தெரியும். எத்தனையோ ஆண்டு சாபம்.

ஆனால் அம்மா அந்தப் பாட்டில் பார்த்தது வேறு. "பாவம், எத்தன வருசமா சும்மா கெடந்துச்சுங்க" என்றார். சும்மா கிடப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். இப்போது சரிவு குறைந்த இடங்களில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இயந்திரத்தால் வெட்டுகிறார்கள், பின்னால் பை காற்றில் உப்பிக்கொண்டு போகும். பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அரிஸ்டாட்டிலின் ஓடம் ஓரளவு வந்துவிட்டது. வேலையிலிருந்து நின்ற முதல் வருடம் அம்மா விடியற்காலை எழுந்து, குளித்து, எங்கும் போகாமல் வாசலில் நிற்பார் என்று தம்பி சொல்வான். தாம் எவ்வளவு வேகமாகப் பறிப்பார் என்பதை இன்றும் சொல்வார். அந்தப் பெருமையை நான் பொய் என்று சொல்ல முடியுமா? அவரைச் சுரண்டிய வேலைதான் அது. அவருடைய கைக்குத் தெரிந்த ஒரே கலையும் அதுதான். சுரண்டல் என்று நான் சொல்வது சரி. ஆனால் அதைச் சொல்லும்போது அவருடைய கலையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறேன், ஒரு மந்திரக்கோலை ஆட்டியதுபோல.

*

தோட்டமே இப்போது பாதி பூங்காதான். ரஸல் என்ற வெள்ளைக்காரர் 1929இல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இது காடு. இன்று சுங்கை பாலாஸ் பக்கம் விடுமுறை நாளில் போனால் கார் நகராது. கண்ணாடி போட்ட மேடையில் நின்று தேநீர் குடித்தபடி பச்சைச் சரிவைப் படம் எடுக்கிறார்கள். உண்மையில் அழகாகத்தான் இருக்கும், நானும் எடுத்திருக்கிறேன். அந்தத் தேயிலையின் பெயரில் கோலாலம்பூர் மேடைக் கலைஞர்களுக்கு விருதுகூடத் தருகிறார்கள், நாடகத்துக்கும் இசை நாடகத்துக்கும். நல்ல காரியம்தான். பகாங்கின் இன்னொரு மலையான கெந்திங்கை உல்லாச நகரமாக்கிய லிம் கோ தோங்கிற்கு அந்த எண்ணம் உதித்தது 1960களில் இங்கே கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலையில் இருந்தபோதுதான். இங்கே வந்த சுகம் அங்கே தங்கும் விடுதியாகி, கேளிக்கைப் பூங்காவாகி வளர்ந்தது.

டிஸ்னி பூங்காக்களில் ஊழியர்களை ஊழியர் என்று அழைப்பதில்லை. 'நடிகர் குழுவினர்' என்றுதான் பெயர். குப்பை பொறுக்குபவரும் நடிகர், வரிசையை ஒழுங்குபடுத்துபவரும் நடிகர். கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் நடிகர் என்றால் சிரிப்பும் வேலையில் சேர்ந்துவிடுகிறது. என் அத்தை மகன் ஒருவன் ஒரு பூங்காவில் கொஞ்ச நாள் பொம்மை உடைக்குள் நின்றான். உடைக்குள் இருக்கும்போது பேசக்கூடாது என்பது விதி. முகம் வெளியே தெரியாது, ஆனாலும் உள்ளே சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். ஏன்டா என்று கேட்டால், "பழகிருச்சு" என்றான். பேசமுடியாத உடைக்குள் ஆள், ஆளில்லாத கோப்பைக்குள் பேச்சு.

அம்மாவையும் ஒருமுறை நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலையிலிருந்து நின்ற பிறகு ஒருநாள் சாலையோரம் நடந்து போனவரைச் சுற்றுப்பயணிகள் சிலர் நிறுத்தி, எங்கிருந்தோ ஒரு கூடையை முதுகில் மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெறுங்கூடை. 10 வெள்ளி கொடுத்தார்கள். நான் கேட்டபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "வெறுங்கூடைக்கு 10 வெள்ளி. உங்க தாத்தா ஒரு கழிவும் கழிக்கல" என்று சிரித்தார்.

*

நாடகம் முடியும் இடத்துக்கு வந்திருந்தது. மிருகம் மேலே தூக்கப்பட்டு, புகையும் ஒளியுமாகச் சுழன்று, இளவரசனாகக் கீழே இறங்கினான். பார்வையாளர்கள் கத்தினார்கள். பாத்திரங்களும் ஆளானார்கள்.

"இப்ப அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் அம்மா.

"மறுபடியும் அரமனையிலதான் இருப்பாங்க பாட்டி. சந்தோசமா."

"அதே வேலையா?"

"ம்ம்."

"சம்பளம் கூடுச்சா?"

தம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவன் ஆலையில் வேலை செய்கிறான். 2013இல்தான் இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. அம்மாவின் காலத்துக்கு அது எட்டவே இல்லை என்று சொல்லலாம். இப்போது வீடு தம்பியின் வேலையோடு ஒட்டியிருக்கிறது. அவன் நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் கதையின் முடிவில் அவர்கள் அரண்மனையிலேயே தங்கிவிடுவதை நானும் இப்போது முன்போல் கேலி செய்வதில்லை. சாபம் நீங்கிய மறுநாள் மாளிகையைவிட்டு வெளியே அனுப்பப்பட்ட ஒரு கூஜா எங்கே போகும் என்று எந்த வடிவமும் சொல்லவில்லை.

கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. தம்பி மகள் சமையலறையிலிருந்து அகப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். இனி அவள்தான் தேவதையாம், எல்லோருக்கும் சாபம் போடப் போகிறாளாம்.

"யார யார விடப்போற?" என்று கேட்டேன். கண்ணகி ஞாபகத்தில்தான் கேட்டேன், அவளுக்கு அது தெரியாது.

விரல்விட்டு எண்ணினாள். "பாட்டி வேணாம். அம்மா வேணாம். அப்பா வேலைக்குப் போவணும், வேணாம். பூன வேணாம்." சுவரில் தாத்தா படத்தை அண்ணாந்து பார்த்தாள். யோசித்தாள். "அவரு பேச மாட்டாரு, வேணாம்."

"அப்ப நான்?"

அகப்பையை என் தலைக்கு மேலே சுழற்றினாள்.

"நீ கோப்ப. அசையாம நில்லு அத்த."